தோட்டத்தில் இருந்த ஆபத்து

வேற்றுக் கோளுக்குச் செல்லும் கதைகளில் ஆபத்து பெரும்பாலும் நச்சுக் காற்றாகவோ கொடிய விலங்காகவோ வரும். 1996-இல் வெளிவந்த ‘தி ஸ்பேரோ’ (சிட்டுக்குருவி) என்னும் ஆங்கிலப் புதினத்தில் அது ஒரு காய்கறித் தோட்டமாக வருகிறது. தொல்மானிடவியல் கற்ற மேரி டோரியா ரஸ்ஸல் எழுதிய இந்நூல், 1998-இல் ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றது.

புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி, 2019-இல் வேற்றுலகப் பாடலொன்றைப் பிடிப்பதாகக் கதை தொடங்குகிறது. அப்பாடலைத் தேடி இயேசு சபைக் குருக்கள் நால்வரும் பொதுநிலையினர் நால்வரும் ரகாத் என்னும் கோளுக்குச் செல்கின்றனர். திரும்பி வருபவர் ஒருவரே. மொழியறிஞரான எமிலியோ சாண்டோஸ் அடிகளார், சிதைந்த கைகளோடும் நொறுங்கிய உள்ளத்தோடும் தம் சபையின் விசாரணைக்கு முன் அமர்கிறார்.

இறங்கிய சிறிது காலத்திலேயே குருக்களுள் ஒருவர் காரணம் புலப்படாமல் இறக்கிறார். ஆபத்து இதுதான் என எண்ணி, மற்றவர்கள் உணவையும் நீரையும் ஐயுறுகின்றனர். உண்மை ஆபத்தோ பின்னால் காத்திருக்கிறது. அங்கே வாழும் ரூனா மக்கள் சாதுவானவர்கள்; நெடுந்தொலைவு நடந்து உணவு சேகரிப்பவர்கள். விருந்தினர் தங்கள் தேவைக்காகத் தோட்டம் போடுகின்றனர். ரூனாவும் அதைக் கண்டு பயிரிடுகின்றனர். உணவு அருகிலேயே கிடைக்கிறது, உடல் தேறுகிறது, அனுமதியில்லாத பிள்ளைகள் பிறக்கின்றன. ரூனாவை வேலைக்கும் உணவுக்குமாக வளர்த்து, அவர்களது எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஜனாட்டா இனத்தார் படையோடு வந்து அக்குழந்தைகளைக் கொல்கின்றனர்.

நூலின் ஆற்றல் இந்தக் காரண காரியத் தொடரில்தான் இருக்கிறது. தோட்டம் போட்டவர்களிடம் பேராசை இல்லை, வஞ்சகமும் இல்லை. அவர்கள் அம்மக்களை நேசித்தார்கள். ஆனால் யாருடைய ஆட்சியில் அவர்கள் வாழ்கிறார்கள் என்று அறியும் முன்பே அவர்கள் வாழ்வை மாற்றிவிட்டார்கள். பிறருக்கு நன்மை செய்யப் புறப்படும் நாம் ஒவ்வொருவரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. தேர்ந்து தெளிதல் என்பது இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு விட்டுச்சென்ற பயிற்சி. தம்மை இறைவனே அழைத்தார் என்ற உறுதி பெருகப் பெருக, இப்பயணிகளிடம் அப்பயிற்சி தளர்கிறது.

குறைகளும் உண்டு. பயணிகளின் நகைச்சுவை உரையாடல் முற்பகுதியில் அளவுக்கு மீறி நீள்கிறது. சாண்டோஸ் அடைந்த கொடுமையை இறுதிவரை மறைத்து வைக்கும் உத்தி, ஒருவரது காயத்தைக் கதைச் சுவைக்கு விலையாக்குகிறதோ என்ற உறுத்தலைத் தருகிறது. பாலியல் வன்கொடுமை இடம்பெறுவதால் இது முதிர்ந்த வாசகருக்கே உரியது.

நூலின் பெயர் மத்தேயு 10:29-ஐ நினைவூட்டுகிறது. அங்கே ஆண்டவர் குருவி விழாது என்று வாக்களிக்கவில்லை. விழும்போதும் அது தந்தையின் அறிவுக்கு உட்பட்டதே என்கிறார். துன்புற்றவரிடம் இவ்வசனத்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டு நாம் எளிதில் விடைபெற்றுவிடுகிறோம். சாண்டோஸின் சபையார் அவ்வாறு விடைபெறவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை அருகில் அமர்ந்து கேட்கிறார்கள். இறையியல் விடை எதையும் தராத இப்புதினம், அந்தக் காத்திருப்பை நமக்குக் கற்றுத்தருகிறது.