ஆளியும் நாயும் பட்டுத்திரையும்

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் நாயக்கர் கால மண்டபத் தூண்களில் நிற்கும் யாளியை உயிரோடு கண்டவர் ஒருவரும் இலர். அண்மையிலுள்ள இராசபாளையத்து வேட்டைநாயோ ஊரார் கண்ணெதிரே வளர்வது. ஒன்று கருத்தில் பிறந்த விலங்கு; மற்றொன்று மனையில் வளர்ந்த விலங்கு. மரபு விலங்குருக்கள் இக்கால அச்சுக் கலையில் எந்நிலையில் உயிர்பெறுகின்றன என்னும் வினாவிற்கு இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

சங்கப் புலவர் இவ்விலங்கை ஆளி என்றனர். யானையை அடும் வலியுடையதாகப் பாடினர். பிற்காலச் சிற்பியர் அரிமாவின் உடலோடு யானையின் துதிக்கையைக் கூட்டியும் அதனைப் படைத்தனர். கொல்வதும் கொல்லப்படுவதும் ஓருருவில் பொருந்திய இவ்விணைப்பு வெறும் விந்தைக்காக எழுந்ததன்று, உறவொன்றைக் காட்டுவது.

நாயின் குட்டிக்குக் குருளை என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் வரையறுத்துள்ளது. இந்திய அஞ்சல் துறை 2005 சனவரி 9 அன்று நான்கு நாய்வகைகளுக்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டபோது இராசபாளைய நாயும் அவற்றுள் ஒன்றாயிற்று. அப்படம் இனத்தை அடையாளங் காட்டுகிறது. அதற்கு மேல் ஒன்றும் கூற முற்படவில்லை. அஞ்சல்தலைக்கு அது குறையுமன்று.

இனி, வேறொரு நாயை நோக்குக. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு சியாம், 2004இல் வெளிவந்த 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்னும் நூலில், இலண்டனில் தாம் ஏறிச் சென்ற 30ஆம் எண் பேருந்தை நாயாக வரைந்தார். அறியாத நகரில் தவறாது உடன்வந்த துணை என்பதே அவ்வுருவின் பொருள். பேருந்தும் நாயும் உறவு பற்றி ஒன்றாயின. யாளியைப் படைத்த நெறியும் இதுவே.

அந்நூலை வெளியிட்ட சென்னைத் தாரா புக்ஸ் 1994இல் தொடங்கப் பெற்றது. அதன் 'பீஸ்ட்ஸ் ஆப் இந்தியா' (2003), 'தி நைட் லைப் ஆப் ட்ரீஸ்' (2006) ஆகிய நூல்கள் பட்டுத்திரை அச்சில், அதாவது அச்சகத்தார் வழக்கில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில், கையால் அச்சிடப் பெற்றவை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையில் வேண்டாத கண்களை அடைத்து, எஞ்சியவற்றின் வழியே மையை ரப்பர்ப் பட்டையால் தள்ளுவது இம்முறை. ஒரு வண்ணத்திற்கு ஒரு திரை. ஒன்று உலர்ந்த பின்னரே அடுத்தது. மை தடித்துப் படிவதால் கருந்தாளின்மீதும் வெளிர் நிறம் மங்காது நிற்கும். இரண்டாவது நூலின் இரவு மரங்கள் இவ்வாற்றலாலேயே ஒளிர்கின்றன. கோண்டு ஓவியத்தில் விலங்கின் உடல் நிழலால் அன்றிக் கோடும் புள்ளியுமாக நிரப்பப்படும். ஓவியர்தோறும் அந்நிரப்பு வேறுபடும். அதுவே அவர் கையெழுத்து. தட்டையான திரைக்குத் தட்டையான ஓவியம் இயல்பாகவே பொருந்திற்று.

கல் யாளிக்கு இவ்வசதி இல்லை. அது புடைப்பாலும் நிழலாலும் வாழ்வது. அதனை ஒளிப்படமெடுத்துப் புறக்கோட்டை மட்டும் திரையிலேற்றினால் எஞ்சுவது பைகளிலும் விளம்பரத் துணிகளிலும் நாம் காணும் உயிரற்ற சின்னமே. இக்குறையைத் திரையின்மேல் ஏற்றுவது முறையன்று. சிற்பி பிடரியில் செதுக்கிய சுருள்களும், வாயோரத்து மடிப்புகளும், மார்பின் மணிமாலையும் முன்னரே கோடுகளாக உள்ளன. புறக்கோட்டை விடுத்து அவற்றிலிருந்து தொடங்குவோர்க்கே யாளி திரையில் கிட்டும்.

பெயர் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கோண்டு ஓவியம் நெடுங்காலம் பெயரற்ற பழங்குடிக் கலையாகவே கருதப்பட்டது. 1982இல் திறக்கப்பெற்ற போபால் பாரத பவனத்தின் வழியே ஜன்கட் சிங் சியாம் பெயருடைய ஓவியராக அறியப்பட்ட பின்னரே அந்நிலை மாறிற்று. தாராவின் நூல்களில் ஓவியர் பெயரும் உண்டு. கையச்சுப் படிகளில் கையால் எழுதிய எண்ணும் உண்டு. திருவில்லிபுத்தூர் யாளியைச் செதுக்கியோர் பெயரை இனி மீட்டல் அரிது. ஆயினும் யாளியை அளவறிந்து வரையும் சிற்பியர் மரபு அறுந்துவிடவில்லை. மாமல்லபுரத்தில் 1957இல் நிறுவப்பெற்ற அரசு சிற்பக் கல்லூரி அம்மரபைக் கற்பித்து வருகிறது. யாளியை அச்சிட விழைவோர் ஒளிப்படக் கருவியோடு கோயிலுக்குச் செல்லுமுன் அத்தகைய சிற்பி ஒருவரை வரையச் சொல்லி, அவர் பெயரையும் உடன் அச்சிடுவாராக.