சேற்றுத் துகள் சொல்லும் வேகம்: எதுவரை நம்பலாம்?

ஆழ்கடல் தரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி என்ன வேகத்தில் ஓடியது? அன்றைக்கு அளந்து வைத்தவர் யாருமில்லை. ஆனால் அன்றைக்குப் படிந்த சேறு இன்னும் இருக்கிறது. ஓட்டம் வேகமாக இருந்தால் சன்னத் துகள்கள் அடித்துக்கொண்டு போய்விடும், சற்றுப் பெரியவை தங்கும். மந்தமானால் சன்னமும் சேர்ந்து படியும். களத்தில் நெல் தூற்றும்போது காற்று செய்கிற வேலைதான்.

கேம்பிரிட்ஜின் நிக் மெக்கேவும் சக ஆய்வாளர்களும் 1995-இல் இதை ஒரு முறையாக வகுத்தார்கள். கரைப்பான்களால் கடலுயிர்களின் ஓடுகளை நீக்கிவிட்டு, நிலத்திலிருந்து வந்த துகள்களில் 10 முதல் 63 மைக்ரான் வரை உள்ளவற்றின் சராசரி அளவைப் பார்க்க வேண்டும். ஏன் 10-இல் ஆரம்பம்? அதைவிடச் சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓட்டத்தால் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

சரி, மைக்ரானை வேகமாக மாற்றுவது எப்படி? மெக்கேவ், தார்னலி, ஹால் மூவரும் 2017-இல் எழுதிய கேலிப்ரேஷன் கட்டுரை இதற்கான பதில். கடல் தரைக்குப் பக்கத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கருவி வைத்து வேகம் அளந்த இடங்களை எடுத்து, அருகிலுள்ள சேற்றோடு ஒப்பிட்டார்கள். சராசரி அளவு ஒரு மைக்ரான் கூடினால் வேகம் விநாடிக்குச் சுமார் 1.36 சென்டிமீட்டர் கூடுகிறது. இரண்டு மைக்ரான் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர்.

என் கண் நின்ற இடம் வேறு. முக்கியமான கோட்டில் 12 புள்ளிகள். அதில் 9 ஐஸ்லாந்துப் பக்கத்தவை. அண்டார்க்டிகாவின் வெட்டல் கடல், வடமேற்கு அட்லாண்டிக் போன்ற இடங்களின் புள்ளிகள் கிட்டத்தட்ட இணையாகத்தான் போகின்றன, ஆனால் தள்ளி வேறு கோட்டில். பள்ளியில் படித்த 'வை ஈக்வல் டு எம்எக்ஸ் பிளஸ் சி' ஞாபகம் இருக்கா? எம் ஊருக்கு ஊர் பெரிசா மாறவில்லை, சி மாறுகிறது. அந்த இடத்துக்கு வந்து சேரும் வண்டலில் பருமனான துகள் குறைவாக இருப்பது காரணமாகலாம் என்கிறார்கள். அப்படின்னா சேறு 'எவ்வளவு மாறியது' என்று சொல்லும். 'எவ்வளவு வேகம்' என்று கேட்டால், அந்த ஊர் சி கையில் இல்லாமல் சொல்லாது. கட்டுரையே இதை ஒளிக்காமல் எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். 2018-இல் தார்னலி குழு, அமெரிக்காவின் ஹட்டராஸ் முனைக்கு அப்பால் சுமார் 1,700, 2,000 மீட்டர் ஆழங்களில் எடுத்த சேற்றை வைத்து, அட்லாண்டிக்கின் பெரும் சுழற்சி சுமார் 1850-க்குப் பிறகு, அதற்கு முந்தைய 1,500 ஆண்டுகளோடு ஒப்பிட்டால் வழக்கத்துக்கு மாறாக வலுவிழந்திருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதியது. வேறு சான்றுகளையும் துணைக்குச் சேர்த்திருந்தார்கள். ஆனாலும் துகள் தருவது ஒரு இடத்தின் வேகம். சுழற்சி என்பது மொத்தத் தண்ணீர்க் கணக்கு. ஒரு படித்துறையில் இழுப்பு குறைந்தால் ஆறே வற்றுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஓட்டம் எதிர்க்கரைக்கு ஒதுங்கியும் இருக்கலாம். இரண்டு ஆழங்களில் பார்த்தது இந்தச் சந்தேகத்தைக் குறைக்கிறது, தீர்க்கவில்லை.

அதே இதழில் வந்த சீசர் குழுவின் கட்டுரை கடல் மேற்பரப்பு வெப்பநிலையை வைத்து, சரிவு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது என்றது. சுழற்சி பலவீனமாகியிருக்கிறது என்பதில் ஒற்றுமை. எப்போது என்பதில் நூறு வருஷ இடைவெளி. இது சின்ன விஷயமில்லை. 1850 என்றால் குட்டிப் பனியுகத்தின் முடிவில் உருகிய பனியைச் சந்தேகிக்கலாம். 1950 என்றால் விரல் நம் புகைபோக்கிகளை நோக்கித் திரும்பும். சுழற்சியைக் கருவி வைத்துத் தொடர்ச்சியாக அளக்கும் 'ராப்பிட்' வரிசை 2004-இல்தான் தொடங்கியது. அதனால் பழைய கணக்கைத் தீர்க்க அது உதவாது.

என் தீர்ப்பு: துகள் நேர்மையான சாட்சி. ஆனால் தான் நின்ற இடத்தில் பார்த்ததை மட்டும் சொல்கிற சாட்சி. கடல் முழுவதற்கும் அதன் வாயில் வார்த்தையைத் திணிப்பது தலைப்பு எழுதுகிறவர்கள் வேலை.