புள்ளியில் தொடங்கும் கோப்புகள்

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கினால் அது கண்ணுக்கு மறைந்துவிடும். இது யாரும் திட்டமிட்டதல்ல என்கிறார் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக். தொடக்ககால யூனிக்ஸில், கோப்புப் பட்டியலில் வந்த ‘.’, ‘..’ என்ற இரண்டு குறியீடுகளை ஒதுக்க முதல் எழுத்தை மட்டும் சோதித்தார்களாம். அந்தச் சோம்பலில் பிறந்ததுதான் இவ்வழக்கம்.

பிறகு ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புக் கோப்பை இப்படிப் புள்ளியிட்டு, பயனரின் ஹோம் அடைவில் போட்டுவிட்டுப் போனது, விருந்தாளிகள் வாசலெல்லாம் செருப்பை விடுவதுபோல. 2003இல் எக்ஸ்டிஜி என்ற விதிமுறை வந்து இடம் பிரித்துக் கொடுத்தது. நம் விருப்பங்களுக்கு ‘கான்ஃபிக்’, மென்பொருள் சேர்த்துவைக்கும் தரவுக்கு ‘ஷேர்’, அழிந்தாலும் மீண்டும் உருவாகிவிடுவதற்கு ‘கேஷ்’. இந்தப் பிரிவினை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கேஷை அஞ்சாமல் அழிக்கலாம். புதுக் கணினிக்கு மாறும்போது கான்ஃபிக்கை நகலெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

உரைத்திருத்தியான நியோவிம் இந்த ஒழுங்கில் நடக்கிறது. தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இன்னும் பழைய இடத்தில்தான். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் காட்டும் பக்குவமே அழகு: புது இடத்தையும் படிக்கும், ஹோமில் உள்ள பழைய கோப்பையும் படிக்கும், இரண்டும் முரண்பட்டால் பழையதன் சொல்லே செல்லும். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தவரின் அமைப்பு இன்றும் குலையாது.