பயம், மறதி, காட்டிக்கொடுத்தல்: மூன்று வீடியோ கேம்களை முன்வைத்து

1

வீடியோ கேம் பற்றியெல்லாம் இங்கே எழுதணுமா என்று கேட்கப்போகிற நண்பர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பிரதி என்றால் அச்சில் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஓலையிலாவது இருக்க வேண்டும். சினிமாவைப் பிரதியாகப் படிப்பதற்கே நாம் எவ்வளவு தயங்கினோம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். அந்தத் தயக்கத்துக்கெல்லாம் பதில் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஒரு விளையாட்டு என்னைப் பயமுறுத்தியது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது சில விஷயங்கள் பிடிபட்டன. அவற்றைச் சொல்லத்தான் இது.

திகில் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சமாச்சாரங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, திடீரென்று ஏதோ மேலே வந்து விழுவது. யாராவது பின்னாலிருந்து கத்தினாலும் இதே பலன்தான். உடம்பு தூக்கிப்போடும், அடுத்த நிமிடம் சிரிப்பு வரும். இன்னொன்று, எதுவும் வந்து விழாமலேயே வயிற்றைக் கலக்குவது. உளவியல் திகில் என்று வகைப்படுத்தப்படும் விளையாட்டுகள் இந்த இரண்டாவதில்தான் தொழில் நடத்துகின்றன. ஒரு கதவு இருக்கிறது. அந்தப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம். சினிமாவாக இருந்தால் கதாநாயகி போய்த் திறப்பாள், நாம் நாற்காலியில் இருந்தபடி 'போகாதடி' என்று முணுமுணுப்போம். அந்த முணுமுணுப்புதான் பார்வையாளனுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு. தப்பு செய்கிறவள் அவள், எச்சரிக்கிறவர்கள் நாம். விளையாட்டில் இந்த வசதி பறிபோய்விடுகிறது. நான் பட்டனை அழுத்தாவிட்டால் கதவு திறக்காது. ராத்திரி முழுக்க அப்படியே நிற்கலாம், கதை ஓர் அங்குலம் நகராது. திறப்பவனும் நான், பயப்படுபவனும் நான்.

தெருவில் போலீஸ்காரர் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்தில் ஒருவன் தன்னிலையாக ஆக்கப்படுகிறான் என்று அல்தூசர் சொன்னது நம் பத்திரிகைகளில் பலமுறை பேசப்பட்டதுதான். இந்தக் கதவும் அப்படித்தான் கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் திரும்பிப் பார்க்காதவனுக்கு அங்கே கதை இல்லை.

2

2010இல் ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட 'அம்னீஷியா: த டார்க் டிசென்ட்' விளையாட்டில் ஆயுதமே கிடையாது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். இருட்டில் ஒளிந்தால் துரத்துகிற உருவத்தின் கண்ணில் பட மாட்டோம். ஆனால் இருட்டில் இருக்க இருக்க நாயகன் டேனியலுக்குப் புத்தி பேதலிக்கும். உருவத்தை நேருக்கு நேர் பார்த்தாலும் பேதலிக்கும். விளக்கேற்றினால் புத்தி தெளியும், ஆனால் மாட்டிக்கொள்வோம். விளக்கு எண்ணெயும் கணக்காகத்தான் கிடைக்கும். முதல்முறை விளையாடியபோது அலமாரி மறைவில் சுவரைப் பார்த்தபடி நிமிஷக்கணக்கில் நின்றேன். பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. விதிமுறை போட்டது. பார்வையே தண்டனைக்குரிய காரியமாகிவிடுகிற ஓர் உலகத்தை வசனம் எதுவும் இல்லாமல் வெறும் விதிகளாலேயே கட்டிவிடலாம் என்பதை அங்கேதான் கவனித்தேன்.

இந்த வகைமையில் எல்லோரும் சொல்கிற பெயர் 'சைலண்ட் ஹில் 2'. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2001இல் வெளியிட்டது. 2024இல் போலந்தின் ப்ளூபர் டீம் அதைப் புதிதாக மறு ஆக்கம் செய்தது. மூன்று வருடத்துக்கு முன் நோயில் இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து ஜேம்ஸ் என்பவனுக்குக் கடிதம் வருகிறது. அவளைத் தேடி அந்த ஊருக்கு வருகிறான். ஊர் முழுக்க மூடுபனி. இந்தப் பனிக்கு ஒரு வரலாறு உண்டு. 1999இல் வந்த முதல் பாகத்தில், அன்றைய ப்ளேஸ்டேஷன் கருவியால் தூரத்துக் கட்டடங்களை வரைந்து காட்ட முடியாத குறையை மறைக்கப் பனியும் இருட்டும் பயன்பட்டன. கருவியின் இயலாமை ஓர் அழகியலாகவே மாறிவிட்டது. ஜேம்ஸிடம் சின்ன ரேடியோ ஒன்று இருக்கிறது. ஆபத்து பக்கத்தில் வந்தால் அது இரைய ஆரம்பிக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காது மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு ஹோட்டல் அறையில், வீடியோ டேப்பில் உண்மை வெளிவருகிறது. நோயாளி மனைவியைத் தலையணையால் அழுத்திக் கொன்றவன் அவனேதான்.

முடிவுகள் பல. எந்த முடிவு நமக்குக் கிடைக்கும் என்பதை விளையாட்டு நம்மிடம் கேட்டு முடிவு செய்வதில்லை. காயம் பட்டால் உடனே மருந்து போடுகிறோமா, ரத்தம் வழியவே சுற்றுகிறோமா. தற்கொலை எண்ணத்தோடு இருக்கிற ஏஞ்சலா கொடுத்துவிட்டுப்போன கத்தியை எடுத்து எடுத்துப் பார்க்கிறோமா. மேரியின் கடிதத்தையும் போட்டோவையும் பார்க்கிறோமா என்றெல்லாம் அது நமக்குத் தெரியாமல் குறித்துக்கொள்கிறது. கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தால் ஜேம்ஸ் சாவை நோக்கிப் போகிறான். முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டபோது, ஊரில் பார்த்த எந்த உருவத்தைவிடவும் இது எனக்கு அச்சம் தந்தது. நம் சும்மா இருத்தலும் தயக்கமும் வாக்குமூலமாகப் பதிவாகியிருக்கின்றன. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்குக் கண்காணிப்பு பற்றி விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஜேம்ஸ் தான் கொன்றதை மறந்திருக்கிறான். டேனியலும் அப்படித்தான். மருந்து குடித்துத் தன் நினைவை அழித்துக்கொண்டவன் அவன். கோட்டையில் மனிதர்களைச் சித்திரவதை செய்ததில் தனக்கும் பங்குண்டு என்பது பின்னால்தான் அவனுக்குத் தெரிகிறது. இந்த மறதி வெறும் கதை உத்தி மட்டும் இல்லை. புதிதாக விளையாட உட்காருகிறவனுக்குக் கதையில் முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. நாயகனுக்கும் தெரியாது. இருவரும் ஒரே அறியாமையில் ஆரம்பிக்கிறார்கள். நிரபராதியாக உள்ளே நுழைந்த நான், ஐந்தாறு மணி நேரம் அவன் காலால் நடந்து, அவன் கையால் கதவு திறந்து, கடைசியில் நான் செய்யாத குற்றத்துக்கு உள்ளுக்குள் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிறேன். வடிவத்தின் பலம் இது. இதுவே பலவீனமும்கூட. அதற்குப் பிறகு வருகிறேன்.

3

என்னைப் பயமுறுத்திய விளையாட்டு என்று முதலில் சொன்னது தைவானிலிருந்து வந்தது. ரெட் கேண்டில் கேம்ஸ் 2017 ஜனவரியில் வெளியிட்ட 'டிடென்ஷன்'. ஆங்கிலத் தலைப்புக்கு வகுப்பு முடிந்த பிறகும் தண்டனையாக மாணவரை நிறுத்திவைத்தல் என்று பொருள். சீனத் தலைப்பு பள்ளிக்குத் திரும்புதல் என்று பொருள்படும். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய, நாடக மேடையின் படுதா மாதிரித் தட்டையான ஓவியங்களால் ஆன சின்ன விளையாட்டு.

காலம் 1960கள். தைவானில் குவோமின்டாங் அரசு 1949 மே மாதம் கொண்டுவந்த ராணுவச் சட்டம் 1987 ஜூலையில்தான் விலக்கப்பட்டது. 38 வருடங்கள். வெள்ளைப் பயங்கரம் என்று அதற்குப் பெயர். புத்தகம் படித்ததற்காக, படிப்பு வட்டத்தில் உட்கார்ந்ததற்காகச் சிறைக்குப் போனவர்கள், சுடப்பட்டவர்கள் உண்டு. கீலுங் நகரப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் சுங் ஹாவ்-துங் 1949இல் கைது செய்யப்பட்டு 1950இல் மரண தண்டனைக்கு உள்ளானார். விளையாட்டில் வரும் மலையூர்ப் பள்ளியிலும் தடை செய்யப்பட்ட புத்தகங்களைப் படிக்கிற ரகசிய வட்டம் ஒன்று இருக்கிறது.

ஆரம்பத்தில் நாம் வெய் என்ற மாணவன். வகுப்பில் தூங்கி விழித்தால் யாரும் இல்லை, புயல் எச்சரிக்கை மட்டும் கரும்பலகையில் இருக்கிறது. அரங்கத்து மேடையில் தூங்கிக்கொண்டிருக்கும் ரே என்ற மாணவியைப் பார்க்கிறான். இருவரும் வீட்டுக்குப் போகப் பார்க்கிறார்கள், பாலம் உடைந்து கிடக்கிறது. சற்று நேரத்தில் வெய் அதே மேடையில் தலைகீழாகத் தொங்குகிறான். அதிலிருந்து நாம் ரே. எந்த முன்னறிவிப்பும் இல்லை. யாருக்குள் இருந்து யாருக்குள் மாற்றப்பட்டோம் என்பதன் அர்த்தம் ரொம்பப் பின்னால்தான் விளங்கும்.

பள்ளிக்குள் பேய்கள் அலைகின்றன. அவற்றை அடிக்க முடியாது. பக்கத்தில் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படையல் சோற்றைக் கீழே வைத்தால் கவனம் அதன்மேல் திரும்பும். நெட்டையாக, கையில் விளக்கோடு வருகிற ஒன்றின் முன்னால் மூச்சைப் பிடித்தால் மட்டும் போதாது, முகத்தையும் திருப்பிக்கொள்ள வேண்டும். ஹெட்போன் மாட்டி விளக்கணைத்து உட்கார்ந்திருந்த நானும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நெஞ்சு அடைத்தபோதுதான் உணர்ந்தேன். மூச்சு விடாதே, பார்க்காதே, பேசாமல் கடந்து போ. ராணுவச் சட்டத்தின் கீழ் வாழ்கிற ஒரு பிரஜைக்குரிய ஒழுக்கவிதிகள் எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன. இதை யாரும் நமக்குப் போதிக்கவில்லை. நம் உடலைக்கொண்டே பழக்கிவிடுகிறார்கள்.

பாதிக்கு மேல் பேய்கள் அநேகமாகக் காணாமல் போகின்றன. இங்கே விளையாட்டு சப்பென்று ஆகிவிட்டது, பயம் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அங்கேதான் பயம் ஆரம்பித்தது. ரே தன் ஆசிரியர் சாங்கை நேசித்திருக்கிறாள். அவர் விலகிப்போகிறார். அதற்குக் காரணம் ஆசிரியை யின் என்று நம்புகிறாள். வெய்யிடம் நைச்சியமாகப் பேசி, வட்டத்தின் புத்தகப் பட்டியலை வாங்கி, பள்ளியின் ராணுவப் பயிற்றுநரிடம் கொடுத்துவிடுகிறாள். சாங் கொல்லப்படுகிறார். வெய் சிறைக்குப் போகிறான். யின் தப்பி நாட்டைவிட்டுப் போகிறாள். ரே மாடியிலிருந்து குதிக்கிறாள். இத்தனை நேரம் நாம் நடத்திக்கொண்டு வந்த பெண் செத்தவள். ஆள்காட்டி.

மவுஸை அழுத்துகிற விரலுக்கு நம் மொழியில் என்ன பெயர் என்று அப்போது நினைவு வந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

கடைசியில் ரேயின் நிழல் மாதிரி ஒன்று கேள்வி கேட்கிறது. பதில்களை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுத்துக்கொண்டே போனால் அவள் அதே சுழலில் திரும்ப மாட்டிக்கொள்கிறாள். ஒப்புக்கொண்டால், பல வருடம் கழித்துச் சிறை மீண்ட வெய் பாழடைந்த பள்ளிக்கு வருகிறான். பழைய வகுப்பறையில் அவளுக்கு எதிரே உட்காருகிறான். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்குத் தேவைப்படவில்லை. உட்காருவது போதுமானதாக இருந்தது.

4

இந்தப் பிரதியின்மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. முப்பத்தெட்டு வருட அரச பயங்கரத்தை ஒரு சிறுமியின் காதல் பொறாமையில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது சரியா? பயிற்றுநர் ஓர் ஓரத்து ஆள். அரசு பின்திரை. பாவமெல்லாம் ரேயின் தலையில். உளவியல் திகில் என்ற வகைமையின் நோய் இது. வரலாற்றை மண்டைக்குள் இழுத்துப்போட்டு மூடிவிடும். 'சைலண்ட் ஹில்' ஊர் மொத்தமும் ஜேம்ஸின் மனசு என்று ஆகிவிட்ட பிறகு அங்கே கேள்வி கேட்க வேறு ஆள் இல்லை.

ஆனால் 'டிடென்ஷன்' முழுக்க அந்த நோயில் விழவில்லை. ரேயின் அம்மா, லஞ்சம் வாங்குகிற கணவனை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கிறாள். வேண்டாத ஆளை அகற்ற அரசு என்றொரு கருவி இருக்கிறது என்பதை மகள் வீட்டில்தான் கற்கிறாள். ஆள்காட்டி ஆட்சிக்குக் கொள்கைப் பிடிப்புள்ள ஒற்றர்கள் தேவையில்லை. வீட்டுச் சண்டை, பொறாமை, பக்கத்து வீட்டுப் பகை போதும். அவற்றைக் கொண்டுவந்து போடுவதற்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் சரி. இதை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை.

இதே நிறுவனத்தின் அடுத்த விளையாட்டு 'டிவோஷன்' 2019 பிப்ரவரியில் வந்தது. சுவரில் ஒட்டியிருந்த ஒரு மந்திரத் தாளில் ஷி ஜின்பிங்கைக் கரடிப் பொம்மையோடு சேர்த்துக் கேலி செய்யும் எழுத்துகள் இருந்ததைக் கண்டுபிடித்து, சீன விளையாட்டாளர்கள் கூட்டம் கூட்டமாக எதிர்ப்பைப் பதிந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அது விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. 2020 டிசம்பரில் வேறு கடையொன்று விற்பதாக அறிவித்து அதே நாளில் பின்வாங்கியது. 2021இல் நிறுவனமே சொந்தமாக விற்க ஆரம்பித்தது. வெறும் விளையாட்டுதானே என்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

இனி, பின்னால் வருகிறேன் என்று சொன்ன பலவீனம். ஜேம்ஸ், டேனியல், ரே மூவருமே மறந்தவர்கள். மறதி பெரிய சௌகரியம். நினைவு வந்ததும் அழலாம், முடிவு வரும், திரை இருளும். வெளியே நடப்பது வேறு. கல்லூரி விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று ஒரு ராத்திரி நோட்டீஸ் ஒட்டினோம். மறுநாள் வார்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'நீ நல்லா படிக்கிற பையன், எழுதுனது யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போ' என்றார். மிரட்டவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார். சொல்லிட்டேன். அவன் விடுதியை விட்டுப் போக வேண்டியதாயிற்று, அடுத்த பருவத்தில் படிப்பையும் விட்டான். நான் அதை ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் வேறு மாதிரி சொல்லிக்கொண்டேன். அவருக்கு முன்னாடியே தெரியும், நான் சொல்லாவிட்டாலும் இன்னொருத்தன் சொல்லியிருப்பான் என்று. அந்த நோட்டீஸில் பாதி என் கையெழுத்து என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு அதிகாரம் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றிலும் நான் வெய்.

நம் எழுத்தில் பொதுவாகவே இது நடக்கிறது என்று நினைக்கிறேன். அதிகாரம் பற்றி, கண்காணிப்பு பற்றி எழுதுகிறபோது எழுதுகிறவன் எப்போதும் மேடையில் தலைகீழாகத் தொங்குகிறவன் பக்கம் நின்றுகொள்கிறான். பட்டியலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போனவளின் கால்களுக்குள் இருந்து எழுதப்பட்டது நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? தைவான்காரர்கள் செய்த ஒரு சின்ன விளையாட்டு என்னை அந்தக் கால்களுக்குள் நிறுத்தி, பதில் சொல்லு என்றது. முதல்முறை விளையாடியபோது நான் மறுக்கிற பதில்களைத்தான் தேர்ந்தெடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, விரல் தானாகப் போயிற்று.

இரண்டாம் முறை ஒப்புக்கொண்டேன். விளையாட்டில் அதற்கு வழி இருந்தது. நண்பனின் இப்போதைய விலாசம் எனக்குத் தெரியும்.