வறுத்த பயறும் தடுத்த வாயிலும்

காஞ்சியிலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், பாலுச்செட்டி சத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி என்னும் சிற்றூர். புள் என்றால் பறவை. சீதையைக் கவர்ந்து சென்றவனை மறித்துப் போரிட்டு மாண்ட சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த குழி இது என்கிறது தலபுராணம். பெருமாளுக்கு விசயராகவன் என்று பெயர். தாயாருக்கு மரகதவல்லி என்று பெயர். திருமங்கையாழ்வார் பாடிய பதி. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று.

இராமகாதை பற்றி நமக்குள்ள கருத்து நாடறிந்தது. அதனை இங்கு விரிக்கப் போவதில்லை. இவ்வூர்த் தாயாரைப் பற்றி வழங்கும் கதை ஒன்றை மட்டும் எடுத்து ஆராய விழைகிறோம்.

பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்கள் பயற்றை வறுத்து மடியிலே கட்டிக்கொண்டு, சடாயு தீர்த்தத்தில் மூழ்கியெழுந்து, தாயாரை வேண்டி இரவு உறங்க வேண்டுமாம். விடியும்போது மடியிலுள்ள பயறு முளைவிட்டிருந்தால் வயிறும் வாய்க்குமாம். வறுத்த பயற்றை முளைக்க வைக்கும் தாயார் என்றே அந்த அம்மைக்குப் பெயர். வறுத்த விதை முளைக்காது என்பதை உழவன் மகன் அறிவான்; நாமும் அறிவோம். ஆயினும் பயறு முளைக்குமா முளைக்காதா என்பதன்று இன்று நம் வழக்கு. அந்தப் பயற்றைச் சுமந்து வருகிறாளே ஒரு பெண், அவளைப் பற்றியதே வழக்கு.

அமாவாசை நாளொன்றில் அவ்வூர்க் குளக்கரையில் நின்றிருந்தோம். நெசவாளர் குடும்பம் ஒன்று வந்தது. மாமியார் கோயிலுக்குள் சென்றார், மகன் சென்றான், மருமகள் மட்டும் மதிற்சுவர் நிழலில் ஒதுங்கி நின்றாள். முந்தானையில் ஒரு சிறு முடிச்சு. திரும்பி வந்த மூதாட்டியிடம், "மருமகள் வரவில்லையா, அம்மா?" என்று கேட்டோம். குரலைத் தாழ்த்தி அவர் சொன்னார்: "அவ தூரமுங்க. வர்ற வழியிலேயே ஆயிடுச்சு. இனி அடுத்த அமாவாசைக்குத்தான் பார்க்கணும்."

தூரம்! எத்தனை எளிதாக வந்து விழுகிறது அந்தச் சொல். அடுப்பங்கரைக்குத் தூரம், பூசை அறைக்குத் தூரம், தண்ணீர்க் குடத்துக்குத் தூரம், தெய்வத்துக்கும் தூரம். அந்த மாதமும் கரு நிற்கவில்லை என்ற துயரம் ஒருபுறம். அந்தத் துயரத்தைச் சொல்லி அழக்கூட வாயில் இல்லை என்பது மறுபுறம். வேண்ட வந்தது பிள்ளை. அவளைத் தடுத்ததோ, அப்பிள்ளைக்கு இடம் தரவேண்டிய உடலின் இயற்கை.

இங்கேதான் கதையும் வழக்கமும் ஒன்றையொன்று மறுக்கின்றன. கதையைக் கட்டியவர் யாராயினும், கருப்பையை விளைநிலமாகக் கண்டவர். அது தரிசாய்க் கிடப்பதைக் கண்டு இரங்கியவர். வழக்கத்தை வகுத்தவரோ, அதே நிலத்தின் ஈரத்தைக் கண்டு மூக்கைப் பொத்தியவர். தமிழன் அந்த நிகழ்ச்சிக்குப் பூப்பு என்று பெயர் வைத்தான். பூத்தால்தான் காய்க்கும் என்பது தோட்டக்காரனுக்கும் தெரிந்த செய்தி. பூவை இகழ்ந்து காயை மட்டும் கேட்கும் தோட்டக்காரன் எங்கேனும் உண்டா? இதோ, நம் ஊர்க் கோயில் வாயில்களில் உண்டு!

இன்னொன்றும் கேட்போம். பயறு ஏன் எப்போதும் பெண்ணின் மடியில் மட்டும் கட்டப்படுகிறது? மகப்பேறின்மைக்கு ஆண்பால் காரணங்களும் உண்டு என்பது மருத்துவம் ஐயமற நிறுவிய உண்மை. ஆயினும் குளத்தில் முழுகுபவள் அவள்; ஈரத் துணியில் நடுங்குபவள் அவள்; முளைக்காத பயற்றுக்குப் பழி சுமப்பவளும் அவளே. அவன் உள்ளே சென்று தீர்த்தம் பருகி வருகிறான்.

திருப்புட்குழியில், "பெண்கள் வரலாகாது" என்று பலகை தொங்கவில்லை. அங்குத் தடை வாயிலில் இல்லை. வீட்டிலிருந்தே உடன் வருகிறது. ஆனால் அந்தத் தடையே அரசாணையாகவும் நீதிமன்றத் தீர்ப்பாகவும் வடிவெடுத்த இடம் ஒன்று உண்டு. நம் நாட்டு ஆடவர் ஆண்டுதோறும் மாலையிட்டு, இருமுடி சுமந்து செல்லும் சபரிமலையே அது.

1955ஆம் ஆண்டிலும் 1956ஆம் ஆண்டிலும் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், குறிப்பிட்ட வயதுப் பெண்கள் மலையேறலாகாது என அறிவிக்கை விடுத்தது. 1965ஆம் ஆண்டுக் கேரள விதிகள், வழக்கத்தால் விலக்கப்பட்ட காலங்களில் பெண்கள் வழிபாட்டிடங்களில் நுழைவதைத் தடுத்தன. 1991 ஏப்ரல் 5ஆம் நாள், 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்குச் சபரிமலையில் இடமில்லை என்று கேரள உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2018 செப்டம்பர் 28ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நால்வர்க்கு ஒருவர் என்ற கணக்கில், அந்தத் தடை செல்லாது என்றது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு இதற்கும் பொருந்தும் என்று எழுதினார் நீதிபதி சந்திரசூட். 2019 நவம்பர் 14ஆம் நாள், மறு ஆய்வு மனுக்களின் மீது, அடிப்படைக் கேள்விகள் மேலும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொன்றுதொட்ட வழக்கம் என்றனர். தொன்றுதொட்ட வழக்கத்துக்கு 1955இல் அறிவிக்கை எதற்கு? மீறுவாரே இல்லாத விதியை எவரும் பலகையில் எழுதித் தொங்கவிடார். குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் சடங்குக்குத் தாய்மார் அங்கு வந்துபோன செய்தி 1991ஆம் ஆண்டு வழக்கிலேயே பேசப்பட்டது. வழக்கம் வளைந்திருக்கிறது, வேண்டியவர்க்கு வளைந்து, வேண்டாதவர்க்கு நிமிர்ந்திருக்கிறது.

ஐயப்பன் பிரமசாரி; அவன் நோன்பைக் காப்பதற்கே தடை என்றனர். பிரமசரியம் நோன்பு என்றால் அதைக் காக்கும் பொறுப்பு நோற்பவனுடையது. எதிரே நிற்பவளைச் சிறையிடுவது எவ்வாறு நோன்பாகும்? மேலும், 2019 சனவரி 2ஆம் நாள் விடியுமுன் இரு பெண்கள் சன்னிதானம் சென்று திரும்பியபின் நடந்தது என்ன? நடை சாத்தப்பட்டது, சுத்திச் சடங்கு செய்யப்பட்டது, பின்னரே திறக்கப்பட்டது. நோன்பு கலைந்ததென்றால் வருந்துவர்; கழுவ மாட்டார்கள். கழுவினார்கள் என்றால், தீட்டு என்று கருதினார்கள் என்பதே பொருள். வாதத்தில் பிரமசரியம், நடைமுறையில் தீட்டு. கழுவிய நீரே சாட்சி!

அந்தச் சாட்சி நமக்குப் புதிதன்று. 1939 சூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றபோதும், கோயில் தீட்டுப்பட்டது, சுத்தி செய்ய வேண்டும் என்றே வைதிகர் முழங்கினர். அன்று பிறப்பு தீட்டு. இன்று பிறப்பிக்கும் உடல் தீட்டு. சொல் ஒன்றே, ஆள் மட்டும் வேறு.

மாதத்தில் சில நாள் விலக்கு என்பதே தவறு. அதனை ஆண்டின் 365 நாளுக்கும், வாழ்வின் நாற்பது ஆண்டுக்கும் நீட்டியது எந்தக் கணக்கு? சில நாள் தூரம், ஓர் ஆயுட்காலத் தூரமாயிற்று.

உச்சநீதிமன்றத்தில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதி இந்து மல்கோத்ரா. அவ்வமர்வில் இருந்த ஒரே பெண்மணியும் அவரே. அவர் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. சமய நம்பிக்கையைப் பகுத்தறிவுத் தராசில் நிறுப்பது நீதிமன்றத்தின் வேலையன்று. எது இன்றியமையாத வழக்கம் என்பதை அச்சமயத்தாரே சொல்ல வேண்டும். உடன்கட்டை ஏற்றுதல் போன்ற கொடுமைகளில் மட்டுமே நீதிமன்றம் தலையிடலாம் என்பது அவர் நிலை. நன்று. ஆனால் சமயத்தார் என்பவர் யார்? தடுப்பவன் மட்டும்தானா, தடுக்கப்பட்டவள் இல்லையா? மதிற்சுவரோரம் ஒதுங்கி நின்றாளே, அவளும் அந்தச் சமயத்தாள்தானே? அவளைக் கேட்டு எவர் வகுத்தார் இவ்வழக்கத்தை? தீயில் தள்ளுவது கொடுமை. தினமும் ஒருத்தியைத் தன் உடலுக்காக நாணச் செய்வது கொடுமையில் சேராதா?

பெண்களே ஏற்றுக்கொள்கிறார்களே என்பாரும் உளர். தீர்ப்பை எதிர்த்துப் பெண்களும் ஊர்வலம் சென்றனர், மறுக்கவில்லை. ஐம்பது வயது வரை காத்திருப்போம் என்ற பெண்களும் உண்டு. காத்திருக்க விரும்புவோர் காத்திருக்கட்டும். அவர்கள் கையைப் பிடித்து மலைமீது இழுத்துச் செல்ல எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒருத்தியின் காத்திருப்பு இன்னொருத்தியின் கால்விலங்கு ஆகலாகாது என்பதே கேட்கப்படுவது.

அவர்தம் மரபையே பார்ப்போம். சபரிமலை செல்வோர் பலர் இரயிலிலிருந்து இறங்கும் ஊர் செங்கன்னூர். அவ்வூர்க் கோயிலில் பகவதிக்கு மாதவிலக்கு நேர்கிறது என்று நம்பி, அதனை விழாவாகவே கொண்டாடுகின்றனர். அசாமியத்துக் காமாக்கியாவிலும் அத்தகைய நம்பிக்கையை ஒட்டி ஆண்டுதோறும் பெருந்திரள் கூடுகிறது. தேவிக்கு வந்தால் திருவிழா. தேவகிக்கு வந்தால் தீட்டா? நம் செங்கற்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரிலோ, அந்த நாள்களிலும் பெண்கள் உள்ளே வரலாம், வழிபடலாம் என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பீடத்தின் பிற செய்திகளில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் கூரை இடிந்துவிடவில்லை, குத்துவிளக்கு அணைந்துவிடவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

காஞ்சிப் பட்டைக் கட்டாத தாயார் தமிழகத்தில் அரிது. அந்தப் பட்டுக்கு நூல் இழைப்பது யார், தார் சுற்றுவது யார்? நெசவாளர் வீட்டுப் பெண்கள். மாதத்தின் எந்த நாளில் சுற்றிய தார் என்று எந்த அர்ச்சகரும் கேட்டதில்லை. அவள் கைபட்ட நூல் தெய்வத்தின் மேனியில். அவள் மட்டும் தெருவில்! ஆண்டாளின் பாட்டு மார்கழி முழுதும் கருவறை எதிரே ஒலிக்கிறது. ஆண்டாளின் இனமோ நாள் எண்ணிக்கொண்டு நிற்கிறது.

திருப்புட்குழிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்கின்றனர் வைணவர். ஆசான் ஒரு சொல்லுக்கு உரைத்த பொருள் தகாது என்று மாணவர் கண்ணீர் மல்க மறுத்தாராம். பிற்காலத்தில் அந்த ஆசானே மாணவருக்கு மாணவரானாராம். இது அவர்கள் நூல் சொல்லும் வரலாறு. பழையது என்பதற்காகவே பிழையை ஏற்காதவரைத்தான் ஆசாரியர் என்று வணங்குகிறார்கள். அவர் மறுத்த ஊரில், மறுத்துக் கேட்பது மட்டும் மாபாவமா?

"கோயிலுக்கே போகாத உங்களுக்கு இதில் என்ன அக்கறை?" என்று நம்மைக் கேட்பர். பழைய கேள்விதான். 1924இல் பெரியார் வைக்கம் சென்றது சாமி கும்பிடவா? கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் மனிதனாக நடக்கவேண்டும் என்பதற்காகச் சிறை சென்றார். அவரைத் தொடர்ந்து நாகம்மையாரும் கண்ணம்மையாரும் களத்தில் நின்றனர். போவதும் போகாததும் அவரவர் விருப்பம். போகக்கூடாது என்று பிறர் சொல்வது அவமதிப்பு. அவமதிப்பு எங்கு நேர்ந்தாலும் அது நம் வழக்கே.

அந்த வழக்கில் தமிழகம் நடந்த தொலைவு சிறிதன்று. 1947இல் கோயில் நுழைவுச் சட்டமும், தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தன. 2021 ஆகஸ்டு 14ஆம் நாள், பயிற்சி பெற்ற அனைத்துச் சாதியினருக்கும் அர்ச்சகர் பணி ஆணை வழங்கப்பட்டது. 2023இல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றனர். அவர்களைக் கண்டதும் கிளம்பிய முதற்கேள்வி, "அந்த நாள்களில் என்ன செய்வார்கள்?" என்பதே. படிப்பைக் கேட்கவில்லை, பாடத்தைக் கேட்கவில்லை, நாளைக் கேட்டனர். தடையின் வேர் எங்கே என்பதைக் கேட்டவர்களே காட்டிக் கொடுத்துவிட்டனர்.

அந்த வேர் நம் வீட்டிலும் இருக்கிறது, தோழர்களே! மேடையில் தீட்டைச் சாடிவிட்டு, வீடு திரும்பித் தனித் தட்டும் தனிப் பாயும் கண்டு வாளாவிருப்போர் நம்முள்ளும் உண்டு. அந்த மூதாட்டி மருமகளைத் தடுத்தது கொடுமை மனத்தால் அன்று. அவரையும் அவர் மாமியார் அவ்வாறே நிறுத்தியிருப்பார். நீதிமன்றம் கோயில் வாயிலைத் திறக்கலாம். அவர் நெஞ்சின் வாயிலை நாம்தான் திறக்க வேண்டும். அதை ஏளனத்தால் திறக்க முடியாது. பூப்பு என்ற நம் பழஞ்சொல்லின் பொருளைப் பொறுமையோடு எடுத்துச் சொல்லித்தான் திறக்க முடியும்.

அடுத்த அமாவாசைக்கு அந்தப் பெண் மீண்டும் வருவாள். வருவதற்குமுன் அவளும் கணவனும் சேர்ந்து மருத்துவரிடம் செல்லட்டும் என்பது நம் விருப்பம். அதன் பின்னும் கோயிலுக்கு வர அவள் விரும்பினால், எந்த நாளாயினும், குரலைத் தாழ்த்தாமல், தலையைத் தாழ்த்தாமல், நேரே நடந்து உள்ளே போகட்டும். வறுத்த பயறே முளைக்கும் என்று நம்பத் துணிந்தவர்கள், பூத்த பெண்ணைக் கண்டு அஞ்சலாமா?