பயிற்சித்தாளில் இல்லாத வலை

நம்மிடையே சுற்றிவரும் 'கடல் உணவு வலை' பயிற்சித்தாளில் படம் அருமை. மிதவை உயிரிகள், காரல், திருக்கை, சுறா எல்லாமே உண்டு. கேள்விதான் இடிக்கிறது: 'இழுவலைப் படகுகள் பெரிய மீன்களைப் பிடித்துவிட்டால் காரல் என்னவாகும்?' விடைத்தாள் 'பெருகும்' என்கிறது. 'குறையும்' என்று எழுதிய என் மாணவிக்கு அந்த விடைத்தாளை நம்பித் தவறு போட்டேன். "சின்ன மீனும் வலையில மாட்டும்தானே, டீச்சர்?" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. தாய்லாந்து வளைகுடாவில் 1960-களின் தொடக்கத்தில் இழுவலையை ஒரு மணி நேரம் இழுத்தால் 300 கிலோ அளவுக்குக் கிடைத்தது. 1980-களில் 50 கிலோ அளவுதான். பெரிய மீன்களோடு காரலும் சரிந்தது. புக்காட் துண்டா கடலடியையே வாரிக்கொண்டு போகும். யார் யாரைத் தின்பார் என்றா பார்க்கும்? பெருகியது கணவாய். அதைத் தின்னும் மீன்கள் குறைந்ததும், ஓராண்டுக்குள் அது வளர்ந்து முட்டையிட்டுவிடுவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

தின்பது குறைந்தால் தின்னப்படுவது கூடும் என்பது தூண்டிலுக்குப் பொருந்தலாம். இழுவலைக்கு, 'வலையில் எவையெல்லாம் மாட்டும்?' என்ற கேள்வி முதலில் வரணும். விடைத்தாளையும் திருத்தணும். அவளுக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துட்டேன்.