கட்டி என்றால் எந்தக் கட்டி?

பேருந்தை நகர்த்துவது சக்தி. சத்துணவு தருவது சக்தி. மின்விளக்கை எரியச் செய்வதும் சக்தி. அன்றாடப் பேச்சுக்கு இது போதும். ஆனால் இயற்பியல் வகுப்பில் முதல் வாரத்திலேயே இந்த ஒரு சொல்லை விசை, ஆற்றல், திறன் என மூன்றாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். பிரிக்காவிட்டால் எந்தக் கணக்கும் சரியாக வராது.

தமிழில் பெண்கள் நலம் பற்றி வரும் கட்டுரைகளையும், சிறு நூல்களையும், வார இதழ்களின் மருத்துவர் பதில்களையும் சில ஆண்டுகளாகச் சேர்த்து வைத்துப் படித்து வருகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்லள், இயற்பியல் கற்பிப்பவள். ஆகவே மருத்துவச் செய்திகள் சரியா, தவறா என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. பெரும்பாலும் அவை சரியாகவே உள்ளன. என் குறை வேறு. வகுப்பில் 'சக்தி'யைப் பிரிக்கும் நாம், பெண்ணின் உடலைப் பற்றி எழுதும்போது 'கட்டி' என்ற ஒரு சொல்லைப் பிரிக்க மறுக்கிறோம்.

மார்பகத்தை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு வயதுப் பெண்ணின் விரலுக்குத் தட்டுப்படுகிற, ரப்பர் போன்ற, தொட்டால் நழுவி ஓடுகிற சிறு உருண்டையும் கட்டி. நாற்பதைக் கடந்தவளுக்கு வரும் நீர் நிறைந்த பையும் கட்டி. பிள்ளைக்குப் பால் கொடுப்பவளுக்குச் சிவந்து, சுட்டு, சீழ் வைப்பதும் கட்டி. புற்றுநோயும் கட்டிதான். முதலில் சொன்ன மூன்றும் புற்றுநோய் அல்ல. மார்பகத்தில் தட்டுப்படுபவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. இவை நான்குக்கும் ஒரே பெயரை இட்டுவிட்டு, "கட்டி கண்டால் அஞ்ச வேண்டாம், ஆயினும் அலட்சியம் கூடாது" என்று ஏடுகள் எழுதுகின்றன. அஞ்சுவதா, வேண்டாமா என்பதை வாசகி எதைக் கொண்டு முடிவு செய்வாள்?

இத்தனைக்கும் இந்த வேறுபாட்டைக் காட்டும் கருவி நம் ஊர்களுக்கே வந்துவிட்டது. நம் காதுக்கு எட்டும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை. மார்பக ஸ்கேன் கருவி ஏறத்தாழ 1 கோடி அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. மென்திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1540 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள், அலைநீளம் 0.15 மில்லிமீட்டர்தான் வரும். ஆகவேதான் மிகச் சிறிய பொருளையும் அது காட்டிக்கொடுக்கிறது. ஒரு பொருளிலிருந்து அடர்த்தி வேறுபட்ட இன்னொரு பொருளுக்குள் புகும் இடத்தில் ஒலியின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பும். நீர்ப்பையினுள் எல்லாம் ஒரே நீர்; எதிரொலிக்க எதுவும் இல்லை. எனவே திரையில் அது முழுக் கருப்பாகத் தெரியும். நீர் ஒலியை அதிகம் உறிஞ்சுவதில்லை. ஆதலால் பைக்குப் பின்னால் உள்ள திசு சற்று வெளிச்சமாகத் தோன்றும். திடமான கட்டியோ உள்ளே புள்ளிபுள்ளியாக எதிரொலி காட்டும். அதன் ஓரம் வழுவழுப்பாக உள்ளதா, முள் முளைத்தாற்போல் உள்ளதா என்பதையும் மருத்துவர் பார்க்கிறார். ஐயம் இருந்தால் ஊசி வழியே திசுவை எடுத்துச் சோதிக்கிறார். கையால் தொட்டுப் பார்த்தல், படம், ஊசிச் சோதனை ஆகிய மூன்றும் சேர்ந்தே விடை தரும்.

இந்த விளக்கம் கடினமானதா? எட்டாம் வகுப்பில் எதிரொலி படித்தவருக்கு இது புரியும். ஆயினும் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை "ஸ்கேன் செய்து தெரிந்துகொள்ளலாம்" என்ற நாலு சொற்களோடு நின்றுவிட்டன.

இன்னொரு குழப்பமும் கட்டியோடு ஒட்டிக்கொண்டது. வேனற்கட்டி வலிக்கும், எனவே வலிக்கும் கட்டிதான் கெட்ட கட்டி என்பது நம் அனுபவம். மார்பகத்தில் இது பொருந்தாது. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தோல் குழிதல், காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, அக்குளில் நெறிகட்டுதல் ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பகம் சிவந்து வீங்கி, மருந்துக்கு அடங்காவிட்டால் அதையும் சாதாரணச் சீழ்க்கட்டி என்று விடலாகாது.

இனிக் கருப்பை. "கர்ப்பப்பையில் கட்டி" என்ற இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தைக் கலங்கச் செய்யப் போதும். அவர்களிடம் மருத்துவர் குறிப்பிடுவது பெரும்பாலும் ஃபைப்ராய்டு என்ற தசைநார்க் கட்டியை. கருப்பைச் சுவரின் தசையே ஓரிடத்தில் உருண்டு வளர்ந்தது அது. பட்டாணி அளவிலும் இருக்கலாம், தேங்காய் அளவிலும் இருக்கலாம். பல பெண்களுக்கு எந்தத் தொல்லையும் தராது. மாதவிடாய் நின்றபின் பொதுவாகச் சுருங்கும். புற்றாவது மிக மிக அரிது. மிகுந்த உதிரப்போக்கு, இரத்தசோகை, வலி இருந்தால் மருத்துவம் தேவை. அதற்கு மருந்துகள் உண்டு. கட்டியை மட்டும் அகற்றும் முறையும் உண்டு. ஆனால் 'கட்டி' என்று மட்டும் கேட்ட பெண், "எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று தானே சொல்லிவிடுகிறாள்.

2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 3 பேருக்குச் சற்று அதிகமானோர் கருப்பையை எடுத்துவிட்டவர்கள் என்று தெரிந்தது. ஆந்திரத்தில் இது 9-ஐ நெருங்கியது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் 3 மாதங்களுக்குள் செயற்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட நேர்ந்தது. இதற்கெல்லாம் ஒரு சொல்தான் காரணம் என்று நான் கூறவில்லை; பணமும் வறுமையும் பெரிய காரணங்கள். ஆனால் அச்சத்தை வைத்து வாணிகம் செய்பவருக்குத் தெளிவற்ற சொல்லைவிட நல்ல கருவி வேறில்லை.

'நீர்க்கட்டி'யின் கதை இன்னும் விந்தையானது. 1935-ல் ஸ்டீன், லெவன்தால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த சினைப்பைக் கோளாறுக்குத் தமிழில் இப்பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அங்கே கட்டி எதுவும் இல்லை. மாதந்தோறும் முதிர வேண்டிய முட்டைக்குமிழ்கள் சில மில்லிமீட்டர் வளர்ந்ததும் நின்றுபோகின்றன, அவ்வளவே. கோளாறு ஹார்மோன்களில், பல பெண்களுக்கு இன்சுலினிலும். ஆகவே கவனம் செல்ல வேண்டியது மாதவிடாய் ஒழுங்கின் மீதும் இரத்தச் சர்க்கரையின் மீதும். மாதவிடாய் பல மாதங்கள் வராமலே இருந்தால் கருப்பையின் உட்படலம் தடித்து, நாளடைவில் புற்று வரும் வாய்ப்பும் கூடும். ஆனால் நம் பெண்கள் "கட்டி கரைந்துவிட்டதா?" என்று ஒவ்வொரு ஸ்கேனிலும் தேடுகிறார்கள். கட்டி கரைக்கும் கஷாயங்களும் விற்பனையாகின்றன. ஆங்கிலப் பெயரும் இதே குற்றம் உடையதுதான். 2012-ல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு பெயரை மாற்றும்படி பரிந்துரைத்தது. இதற்கு மாறாக, சினைப்பையில் உண்மையாகவே பெரிய நீர்ப்பை உண்டாகித் திடீரென முறுக்கிக்கொண்டால், தாங்க முடியாத வயிற்றுவலி வரும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கும் பெயர் நீர்க்கட்டி! "எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று ஒருத்தி வீட்டில் படுத்திருந்தால் குற்றம் அவளுடையதா?

ஒரு பொருளுக்குப் பல பெயர் என்ற எதிர்க்குற்றமும் உண்டு. சூலகம், அண்டகம், சினைப்பை, கருவகம், முட்டைப்பை எல்லாம் ஒரே உறுப்பு. பள்ளியில் ஒரு சொல், இதழில் இன்னொன்று, ஸ்கேன் தாளில் ஆங்கிலம். 'மார்பு வலி' என்றால் இதயமா, மார்பகமா என்று இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.

நல்ல சொல்லும் நம்மிடம் பிறந்திருக்கிறது. 'கருப்பை வாய்' என்பதைப் பாருங்கள். உறுப்பு எங்கே உள்ளது, கண்ணுக்குத் தெரியும் இடமா என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மாறுபட்ட திசு வெளுத்துக் காட்டும். சோதனை நடந்த பகுதிகளில் அந்தப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவிகிதமும் குறைவாக இருந்தன. "வாயில் மருந்து தடவிப் பார்ப்பது" என்றால் எந்தப் பெண்ணுக்கும் விளங்கும்.

அச்சுறுத்தும் சொல்லைப் போலவே தாலாட்டும் சொல்லும் தீங்கானது. 'வெள்ளைப்படுதல்' என்பதில் இயல்பான கசிவும் அடக்கம். அரிப்போடு தயிர்த்திரள் போல் வரும் பூஞ்சைத் தொற்றும், மீன் நாற்றம் வீசும் பாக்டீரியத் தொற்றும் அடக்கம். எல்லாவற்றுக்கும் 'உடல் சூடு' என்ற ஒரே விளக்கம். இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கடந்தபின் உதிரம் கண்டால், "மறுபடியும் வந்துவிட்டது" என்கிறார்கள். அது மாதவிடாய் அன்று. ஒரு சொட்டானாலும் சோதிக்க வேண்டிய உதிரப்போக்கு அது. இதற்குத் தனிப்பெயர் ஒன்றை எந்த ஏடும் நிலைநாட்டவில்லை.

பாமரருக்குக் கலைச்சொற்கள் விளங்கா என்பார்கள். பாமரர் பேச்சைக் கவனித்தவர் இப்படிச் சொல்லமாட்டார். பரு, மரு, கொப்புளம், கழலை, நெறிகட்டு, வேனற்கட்டி, பால்கட்டு என ஒவ்வொன்றையும் வேறுபடுத்தி அழைப்பது அவர்கள்தாம். பால்கட்டியவளுக்கும் கழலை வந்தவளுக்கும் ஒரே கைமருந்து எந்தக் கிழவியும் சொல்லமாட்டாள். எல்லாவற்றையும் 'கட்டி' என்று கலந்தவர்கள் எழுதப் படித்த நாம். நீர் நிறைந்ததை 'நீர்ப்பை' என்றும், தசை உருண்டதைத் 'தசைக்கழலை' என்றும், சினைப்பைக் கோளாற்றைக் கட்டி என்ற சொல்லே இல்லாமலும் எழுதத் தொடங்கலாம் என்பது என் கருத்து. இவற்றைவிட நல்ல சொற்கள் உங்கள் ஊரில் வழங்கலாம். தாய்மாரிடமும் மருத்துவச்சிகளிடமும் கேட்டு, எந்த நோய்க்கு எந்தச் சொல் என்று ஓர் அஞ்சலட்டையில் இவ்விதழின் ஆசிரியருக்கு எழுதுங்கள்.